கேம் ஷாஃப்டைத் தேய்க்கும் முன் வண்டி ஓடும் ஆர்பிஎம்மை எழுதிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாணவர்கள் கோ-கார்ட் என்ற சின்னப் பந்தய வண்டியைச் செய்து ஓட்டியதைப் பற்றி உங்கள் நாளிதழில் சில நாள் முன்பு வந்த செய்தியைப் படித்தேன். பிள்ளைகள் கிரீஸ் கையோடு நிற்கும் படத்தைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எஞ்சினின் கேம் ஷாஃப்டை, அதாவது வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டை, மாற்றியதால் வண்டியின் வேகம் கூடியது என்று ஒரே வரியில் போட்டு முடித்துவிட்டீர்கள். அது வந்த மூன்றாம் நாள் காட்பாடியில் இருக்கும் என் லேத் பட்டறைக்கு இரண்டு பையன்கள் ஒரு கேம் ஷாஃப்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, "அண்ணா, இதைக் கொஞ்சம் பெரிசா தேய்ச்சுக் குடுங்க, பேப்பர்லயே போட்டிருக்கு" என்றார்கள். எவ்வளவு பெரிசா என்று கேட்டேன், தெரியவில்லை. எந்த டிராக்கில் ஓட்டப்போகிறீர்கள், பின் ஸ்பிராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) எத்தனை பல், கிளட்ச் எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பிடிக்கிறது என்று கேட்டேன், அதுவும் தெரியவில்லை. திருப்பி அனுப்ப மனமில்லாமல் அன்று மாலை முழுக்க உட்காரவைத்துப் பேசினேன். அதைத்தான் இப்போது உங்களுக்கும் எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள் என்றால் இன்னும் எத்தனையோ பேர் வேறெங்காவது போய்த் தேய்த்தே முடித்திருப்பார்கள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இது 1989க்கு முன்னால் ஒரே வடாற்காடு மாவட்டமாக இருந்த காலத்தில் என் அப்பா தொடங்கிய பட்டறை. பாலாற்றங்கரைக் கிணறுகளில் ஓடிய ஆயில் எஞ்சின்கள்தான் அவருக்குச் சோறு போட்டன. தேய்ந்த கேமை வெல்டு வைத்து, அரம் போட்டு, பழைய உருவத்துக்குக் கொண்டுவருவதை அவர் கையால் செய்வதைப் பார்த்தே வளர்ந்தேன். இப்போது என் தங்கை மகள் பொறியியல் படிக்கிறாள், அவள் கல்லூரி கார்ட் அணியில் எஞ்சின் அவள் பொறுப்பு. இந்தக் கடிதத்தில் பாதி அவள் என்னிடம் கேட்ட கேள்விகளால் வந்தது.

முதலில் எந்த எஞ்சின் என்பது தெளிவாக வேண்டும். ரோட்டாக்ஸ் மேக்ஸ் மாதிரி தேசியப் பந்தயங்களில் ஓடும் 125 சிசி கார்ட் எஞ்சின்கள் டூ ஸ்ட்ரோக், அதில் கேம் ஷாஃப்டே கிடையாது, சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட்டுகளைப் பிஸ்டனே திறந்து மூடும். அதனால் அந்த வண்டிகளின் கதையை இதில் கலக்கக் கூடாது. நம் ஊர்ப் பிள்ளைகள் கையில் இருப்பது ஃபோர் ஸ்ட்ரோக். ஒன்று, பழைய பைக்கிலிருந்து கழற்றிய எஞ்சின். இல்லையென்றால் ஹோண்டா ஜிஎக்ஸ்160, ஜிஎக்ஸ்200 வகை, அல்லது அதே அச்சில் வரும் சீன எஞ்சின். பவர் வீடரிலும் தண்ணீர் பம்பிலும் நாம் தினமும் பார்ப்பது இந்த வகைதான். ஜிஎக்ஸ்200 என்றால் 196 சிசி, போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 68 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 54 மில்லிமீட்டர். கேம் கீழே கிராங்க் கேசுக்குள் இருக்கும், அதன் மேல் டேப்பட், புஷ் ராடு, ராக்கர், வால்வு என்று வரிசை, கேம் தள்ளுவதை ஒன்று அடுத்ததற்குக் கடத்தி வால்வைத் திறக்கும். கிராங்க், அதாவது பிஸ்டன் சுழற்றும் தண்டு, இரண்டு சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்த ஒரு கணக்கை மறந்துவிட்டு டிகிரியை இரட்டிப்பாகவோ பாதியாகவோ எழுதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேம் வாங்கும் முன் செய்ய வேண்டியது பேனாவும் தாளும் எடுப்பது. கார்ட்டின் பின் டயர் 11 அங்குலம், அதாவது ஏறக்குறைய 280 மில்லி விட்டம் என்றால் ஒரு சுற்றுக்கு வண்டி 0.88 மீட்டர் போகும். ஸ்பிராக்கெட் விகிதம் 4, அதாவது எஞ்சின் நாலு சுற்றினால் பின் அச்சு ஒரு சுற்று என்று வையுங்கள். எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மில் ஓடினால் (ஜிஎக்ஸ் வகையில் அதற்கு வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்ற வேண்டும், அதன் ஆபத்தைக் கடைசியில் சொல்கிறேன்) அச்சு 1,500 சுற்று, வண்டி மணிக்கு 79 கிலோமீட்டர். அதே வண்டி வளைவிலிருந்து 35 கிலோமீட்டரில் வெளியே வந்தால் எஞ்சின் 2,650 ஆர்பிஎம்மில்தான் இருக்கும். ஆக உங்களுக்கு 2,650லிருந்து 6,000 வரை இழுக்கிற கேம் வேண்டும். டயரையும் மூங்கிலையும் வைத்துப் பாதை போட்ட, நொடிக்கு நொடி திரும்பும் குறுகிய டிராக் என்றால் வண்டி பெரும்பாலான நேரம் இந்தக் கீழ்ப்பாதியிலேயே கிடக்கும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருப்பதுபோல நீளமான நேர்ப்பாதை உள்ள இடமென்றால் கணக்கு வேறு, விகிதத்தையும் மாற்றுவோம், கேமையும் மாற்றலாம். இந்தத் தாள் இல்லாமல் கேம் கேட்பது, காலை அளக்காமல் ஆம்பூரில் ஷூ தைக்கச் சொல்வது மாதிரி.

அப்புறம்தான் கேம். எல்லோரும் லிஃப்டைத்தான் கேட்கிறார்கள், வால்வு எத்தனை மில்லி எழும்புது என்று. அதுவும் வேண்டும்தான். ஆனால் என்னைக் கேட்டால் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு, புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு இரண்டும் திறக்கும், மூடும் நாலு நேரங்களில் முதலில் பார்க்க வேண்டியது இன்டேக் வால்வு மூடும் நேரம். பிஸ்டன் கீழே போய்க் காற்றை இழுத்து முடித்து மேலே திரும்பிய பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். வேகமாக ஓடும்போது உள்ளே வரும் காற்றுக்கு ஒரு ஓட்டம் இருப்பதால், பிஸ்டன் ஏற ஆரம்பித்த பிறகும் அது உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். மெதுவாக ஓடும்போது அந்த ஓட்டம் இல்லை, இழுத்த காற்றைப் பிஸ்டன் வந்த வழியே கார்புரேட்டருக்குத் திருப்பித் தள்ளிவிடும். எத்தனை ஆர்பிஎம்முக்கு மேல் லாபம், எத்தனைக்குக் கீழே நஷ்டம் என்பதை இந்த மூடும் நேரம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

எண்ணில் பார்ப்போம். இன்டேக் டியூரேஷன், அதாவது வால்வு திறந்திருக்கும் கிராங்க் அளவு, 236 டிகிரி, சென்டர்லைன், அதாவது பிஸ்டனின் மேல் முனையிலிருந்து வால்வு முழுதாகத் திறக்கும் இடம் வரை உள்ள அளவு, 106 டிகிரி உள்ள கேம் என்றால், 236இல் பாதி 118, அதோடு 106ஐக் கூட்டி 180ஐக் கழித்தால் 44. அதாவது பிஸ்டன் கீழ் முனையைத் தாண்டி 44 டிகிரியில் மூடுகிறது. 54 மில்லி ஸ்ட்ரோக்கில் அதற்குள் பிஸ்டன் ஏறக்குறைய ஐந்தரை மில்லி ஏறியிருக்கும். டியூரேஷன் 264, சென்டர்லைன் 108 என்ற பெரிய கேமில் அதே கணக்கு 60 டிகிரி. அதற்குள் பிஸ்டன் 10 மில்லி ஏறிவிடும், ஸ்ட்ரோக்கில் ஐந்தில் ஒரு பங்கு. கீழ் ஆர்பிஎம்மில் அந்த ஐந்தில் ஒரு பங்கு தூரத்துக்கு எஞ்சின் கம்ப்ரஷனே செய்யவில்லை என்று அர்த்தம். வண்டி வளைவிலிருந்து வெளியே வரும்போது மூச்சு வாங்குகிறது, பிக்கப் இல்லை என்று பிள்ளைகள் கார்புரேட்டர் ஜெட்டை மாற்றி மாற்றிப் போடுகிறார்களே, காரணம் பல நேரம் இங்கேதான் இருக்கிறது.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரே 240 டிகிரி என்று அட்டையில் போட்டிருக்கும் இரண்டு கேம்கள் ஒன்றாக இருக்காது. ஒருவர் டேப்பட் அசைய ஆரம்பித்த இடத்திலிருந்து அளந்திருப்பார், அமெரிக்கக் கணக்கில் 0.050 அங்குலம், அதாவது 1.27 மில்லி எழும்பிய இடத்திலிருந்து அளப்பார்கள், ஜப்பான் பைக் எஞ்சின்களில் 1 மில்லியிலிருந்து அளக்கும் வழக்கம் இருக்கிறது. எங்கிருந்து அளந்தது என்று கேட்காமல் டிகிரியை ஒப்பிடுவது வீண். நான் மேலே போட்ட கணக்கு 1.27 மில்லி கணக்கு.

என் தங்கை மகள் கதைக்கு வருகிறேன். போன கோடையில் அவர்கள் அணி இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் பெரிய கேம் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு வந்தது. ஸ்டார்ட் ஆனது, ஸ்டாண்டில் வைத்து முறுக்கினால் காது அடைக்கும் சத்தம், எல்லோருக்கும் சந்தோஷம். டிராக்கில் இறக்கினால் பழைய கேமைவிட மெதுவு. வளைவுக்கு வளைவு கிளட்ச் வழுக்கி, டிரம் நீலம் பாய்ந்து, லைனிங் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. "இன்னா மாமா இது, இவ்ளோ காசு குடுத்து வாங்கி, பாட்டி ஸ்கூட்டி மாதிரி போகுது" என்று கண் கலங்கி நின்றாள். அழாதம்மா, முதல்ல இதை அளக்கலாம் என்றேன்.

அளக்க என்ன பெரிய செலவு? கடையில் பிரிண்ட் எடுத்த 360 டிகிரி வட்டத்தை அக்ரிலிக் தட்டில் ஒட்டி நடுவில் ஓட்டை போட்டு கிராங்கில் மாட்டினோம். பழைய சைக்கிள் ஸ்போக்கை வளைத்து முள். டாப் டெட் சென்டரை, அதாவது பிஸ்டன் மேல் முனையில் நிற்கும் இடத்தை, கண்ணால் பார்த்து வைப்பது சரியாக வராது, ஏனென்றால் பிஸ்டன் மேலே நிற்கும்போது பல டிகிரிக்கு அசைவே தெரியாது. பிளக் ஓட்டையில் ஒரு ஸ்டாப்பரைத் திருகி, பிஸ்டன் அதில் முட்டும் வரை கையால் மெதுவாக ஒரு பக்கம் சுற்றினால் முள் 31இல் நின்றது, மறுபக்கம் சுற்றினால் 37. இரண்டும் ஒன்றாக வர வேண்டும், ஆகவே முள்ளை 3 டிகிரி நகர்த்தி இரண்டு பக்கமும் 34 வரவைத்தோம். அந்த ஸ்டாப்பரை எடுத்த பிறகுதான் சுழியம் உண்மையான சுழியம். இந்த வேலையை ஒழுங்காகச் செய்யாவிட்டால் பின்னால் எழுதுகிற ஒவ்வொரு எண்ணும் தப்பு.

நூலளவு அசைவையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை வால்வு ரிட்டெய்னர் (ஸ்பிரிங்கின் மேல்தட்டு) மேல் வைத்து, ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள டேப்பட் இடைவெளியைச் சுழியமாக்கி, கிராங்கை 10 டிகிரிக்கு ஒருமுறை நிறுத்தி நான் படிக்க அவள் எழுதினாள். கேமின் ஒரு முழுச் சுற்றுக்கு கிராங்க் 720 டிகிரி, அப்படியென்றால் ஒரு வால்வுக்கு 72 அளவு. மூடப்போகும் இடத்தில் மட்டும் 2 டிகிரிக்கு ஒருமுறை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, தாள் பறக்காமல் இருக்க, வியர்வை சொட்டச் சொட்ட இரவு பதினொன்றுக்கு முடித்தோம். கிராஃப் தாளில் புள்ளிகளைச் சேர்த்ததும் அவளுக்கே புரிந்துவிட்டது. இன்டேக் 60 டிகிரி தாண்டித்தான் மூடுகிறது, அவர்கள் கார்ட்டோ 5,500ஐத் தாண்டுவதே இல்லை. அந்தக் கேமில் குற்றமே இல்லை, நல்ல வேலைப்பாடுதான், ஆனால் அது வேறு வண்டிக்கு, வேறு டிராக்குக்குச் செய்தது. மறுவாரம் 44 டிகிரியில் மூடும் சின்ன கேம் ஒன்றைத் தேடிப் போட்டார்கள். மேலே கொஞ்சம் விட்டுக்கொடுத்தது, கீழே இழுவை வந்தது, கிளட்ச் வழுக்குவது நின்றது.

சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பார்கள். இந்த வகை எஞ்சினில் அது பொய் சொல்லும். கயிறு இழுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று எக்ஸாஸ்ட் கேமுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எடைக்கல்லும் முள்ளும் வைத்திருப்பார்கள், ஸ்டார்ட் செய்யும் வேகத்தில் அது எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிக் காற்றை வெளியே விடும், வேகம் வந்ததும் எடை விரிந்து முள் உள்ளே போய்விடும். அதனால் கையால் இழுத்து எடுக்கும் ரீடிங்கை நம்பிக் கேமை நிர்ணயம் செய்யக் கூடாது.

இனி தேய்ப்பதைப் பற்றி. இதில் எனக்கு ஒரு பாவக் கணக்கு இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு ஒரு பையன் கேட்டான் என்று பழைய கேமின் அடிவட்டத்தை, அதாவது வால்வைத் தள்ளாத வட்டப் பகுதியை, அரை மில்லி இறக்கிக் கொடுத்தேன். பலருக்கு இது புரிவதில்லை. கேமைத் தேய்த்தால் வால்வைத் தள்ளும் மூக்கு வளராது. மூக்கை விட்டுவிட்டு அடிவட்டத்தைச் சின்னதாக்குகிறோம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கூடுவதால் லிஃப்ட் கூடுகிறது. அந்த அரை மில்லி மறுபக்கத்தில் டேப்பட் இடைவெளியாக வந்து நிற்கும், அதை ராக்கர் திருகிலோ நீளமான புஷ் ராடிலோ ஈடுகட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கும் என்று நான் சொன்ன டிகம்ப்ரஷன் முள்ளும் அடிவட்டம் இறங்கிய அளவுக்குக் கூடுதலாக நீட்டிக்கொண்டு நிற்கும், அதையும் சரி செய்ய வேண்டும். இதெல்லாம் செய்தேன். செய்யாதது ஒன்று, மேல்தோலின் கடினம் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று பார்க்காதது. கேமின் மேல் பரப்பு மட்டும்தான் கடினம், உள்ளே மெது. அந்த மூக்குக்கும் அடிவட்டத்துக்கும் நடுவில் இருக்கும் சரிவில் நான் கடினத்தைத் தாண்டி மெதுவுக்குள் போய்விட்டேன். ஒரே மதியம் ஓட்டினான். எக்ஸாஸ்ட் லோப் (அந்த வால்வைத் தள்ளும் கேமின் புடைப்பு) தேய்ந்து போய், இரும்புத்தூள் ஆயிலில் கலந்து, இந்த எஞ்சினில் கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் கரண்டிதான் ஆயிலை வாரி அடிக்கிறது, அந்தத் தூளையே வாரி அடித்து ராடு பேரிங் பரப்பையும் கீறிவிட்டது. அவன் வீட்டில் கொடுத்த காசு அது. ராடும் கேமும் என் செலவில் போட்டுக் கொடுத்தேன், ஆனால் போட்டி அவனுக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து தேய்த்த ஒவ்வொரு கேமின் சரிவிலும் ஓரமாக ஒரு நல்ல புது அரத்தின் முனையை வைத்துப் பார்க்கிறேன். வழுக்கினால் கடினம் இருக்கிறது, கடித்தால் போய்விட்டது, அந்தக் கேமைக் கொடுப்பதில்லை. தேய்க்கும்போது கல்லை அவசரமாக அழுத்தி நீலம் பாய்ந்தாலும் அதே கதிதான், சூட்டில் கடினம் இறங்கிவிடும். தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டும், நூலளவு நூலளவாக எடுக்க வேண்டும். சரிவை ரொம்பச் செங்குத்தாக்கினாலும் ஆபத்து, தட்டையான டேப்பட்டில் வால்வு எவ்வளவு வேகமாக எழும்புகிறதோ அவ்வளவுக்குக் கேம் தொடும் இடம் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும், டேப்பட்டின் பாதி விட்டத்தைத் தாண்டினால் அதன் விளிம்பே கேமை உழுதுவிடும். பழைய டேப்பட்டைப் புதுக் கேமில் போடாதீர்கள். முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் ஐட்லிங்கில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், மெதுவாக ஓடும்போதுதான் மூக்கில் ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் விழும், ஆயிலும் குறைவாகத் தெளிக்கும். லோப் மேல் மாலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸ் தடவி, 2,000 ஆர்பிஎம் பக்கத்தில் 15, 20 நிமிடம் பிடித்து ஓட்டுங்கள்.

பெரிய கேம் போட்டால் வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்பதை அனுமானத்தில் விடக் கூடாது. குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் ஒட்டி, ஹெட்டை மாட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றிப் பிரித்து, வால்வு அழுத்திய இடத்தைப் பிளேடால் அறுத்து அளந்தால் போதும். வால்வு முழுதாகத் திறந்த இடத்தில் இடிக்காது, மேல் முனைக்கு முன்னும் பின்னும் 10 டிகிரி அளவில்தான் நெருக்கம். இன்டேக்குக்கு 2 மில்லி, எக்ஸாஸ்டுக்கு இரண்டரை மில்லி இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம். ஸ்பிரிங்கும் முழு லிஃப்டில் சுருள் சுருளோடு ஒட்டாமல் ஒரு மில்லியாவது மிச்சம் இருக்க வேண்டும். ஸ்பிரிங் வலுக்குறைவாக இருந்தால் மேல் ஆர்பிஎம்மில் வால்வு கேமை விட்டு மிதக்கும், தேவைக்கு மேல் கடினமாகப் போட்டால் கேம் மூக்கும் டேப்பட்டும் தேயும். மிதப்பு நிற்கிற அளவுக்கு மட்டும் போடுங்கள்.

கேமை மாற்றாமலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஜிஎக்ஸ் வகையில் கம்பெனி சொல்லும் டேப்பட் இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, இன்டேக் 0.15 மில்லி, எக்ஸாஸ்ட் 0.20 மில்லி. இன்டேக்கைக் கொஞ்சம் கூட்டினால் வால்வு தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும், சின்ன கேம் போட்ட மாதிரி. குறைத்தால் அதற்கு நேர்மாறு. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் ஒன்றும் அரை மணி நேரமும் போதும், உங்கள் வண்டிக்கு எந்தப் பக்கம் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். எக்ஸாஸ்டை மட்டும் இறுக்காதீர்கள், சூட்டில் வால்வு நீண்டு சீட்டில் உட்காராமல் எரிந்துபோகும்.

பைக் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும் அளவு முறை இதேதான், கேம் மேலே ஹெட்டில் இருக்கும், செயின் ஓட்டும். அங்கே சிலர் ஒரு பல் தள்ளி மாட்டினால் டைமிங் அட்வான்ஸ் ஆகும் என்கிறார்கள். கேம் ஸ்பிராக்கெட்டில் 36 பல் என்று வையுங்கள், ஒரு பல் என்பது கேமில் 10 டிகிரி, கிராங்கில் 20 டிகிரி. அது டியூனிங் கிடையாது, வால்வை வளைக்கும் வழி. அட்வான்ஸ் வேண்டுமென்றால் ஸ்பிராக்கெட்டின் போல்ட் ஓட்டையை நீளவாக்கில் கொஞ்சம் விரித்து 2, 4 டிகிரி நகர்த்தலாம். நான் சொன்ன 106 சென்டர்லைன் கேமை 4 டிகிரி அட்வான்ஸ் செய்தால் 44க்குப் பதில் 40இல் மூடும், கீழ் இழுவை கூடும், அவ்வளவுதான் அதன் எல்லை.

சோதனை ஓட்டத்துக்கு இன்னொன்று, இது நம் வேலூர்க்காரர்களுக்கே உரியது. சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஆறு மணிக்கு 25 டிகிரி இருக்கும்போது ஒரு கேமையும், மதியம் 42 டிகிரியில் இன்னொரு கேமையும் ஓட்டிப் பார்த்து, முதல் கேம்தான் நல்லது என்று முடிவு கட்டுகிறார்கள். அந்த வெப்ப வித்தியாசத்துக்கே காற்று ஏறக்குறைய 5 சதவீதம் லேசாகிவிடும், எஞ்சின் பவரும் கிட்டத்தட்ட அவ்வளவு இறங்கும். இரண்டு நல்ல கேம்களுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசமே சில நேரம் அவ்வளவு இருக்காது. ஆகவே ஒரே நேரத்தில் ஓட்டுங்கள், முடியாவிட்டால் முதல் கேமைத் திரும்பப் போட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள்.

கவர்னரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்த எஞ்சின்கள் 3,600 ஆர்பிஎம் கணக்கில் செய்தவை, அதற்கு மேல் போகாமல் கவர்னர் பிடித்துக்கொள்ளும். பெரிய கேமின் பலனை எடுக்க வேண்டுமென்று கவர்னரைக் கழற்றி 6,000க்கு ஓட்டினால் பிஸ்டனும் ராடும் தாங்க வேண்டிய விசை ஏறக்குறைய 2.8 மடங்கு ஆகிறது. கூடவே வரும் அலுமினிய ராடும், கிராங்கின் முனையில் சுற்றும் கனமான வார்ப்பிரும்புச் சக்கரமான ஃபிளைவீலும் அதற்காகச் செய்தவை இல்லை. ராடு உடைந்தால் எஞ்சின் போகும். ஃபிளைவீல் சிதறினால் துண்டுகள் குண்டு மாதிரி பறக்கும், கார்ட்டில் எஞ்சின் ஓட்டுபவரின் விலாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உறுதியான ராடும், அந்த வேகத்துக்கென்றே செய்த ஃபிளைவீலும் போட முடியாதவர்கள் கவர்னரில் கை வைக்கவே கூடாது. பெற்றோர்களும் இதை ஒரு கேள்வியாகப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும், கல்லூரிப் பேராசிரியர்களும் டிராக்கில் வண்டியை இறக்கும் முன் கேட்க வேண்டும். போட்டியின் விதிப்புத்தகத்தையும் முதலில் படியுங்கள். பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் 206 என்ற கார்ட் பந்தய வகுப்பில் எஞ்சினுக்கே சீல் வைத்துத் தருகிறார்கள், கேமைத் தொடவே முடியாது. நம் மாணவர் போட்டிகளில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பது ஒவ்வொன்றிலும் வேறு. அதைக் கடைசி வாரத்தில் படித்து வந்து அழுத பிள்ளைகளும் உண்டு.

ஆசிரியர் அவர்களுக்கும் நம் பகுதிக் கல்லூரிகளுக்கும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலும் பொறியியல் கல்லூரிகளில் கடினம் சோதிக்கும் கருவியும் நல்ல அளவுக் கருவிகளும் ஆய்வகத்தில் பூட்டிக் கிடக்கின்றன, பருவத் தேர்வுக்கு மட்டும் திறக்கிறார்கள். என்னைப் போன்ற பட்டறைக்காரர்களிடம் கல்லும் லேத்தும் கையும் இருக்கின்றன, கடினம் எத்தனை ஆழம் என்று பார்க்கும் கருவி இல்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்த ஆய்வகத்தைப் பட்டறைகளுக்குத் திறந்துவிட்டால், அளந்து தேய்த்த கேமை மாணவர்களே சோதித்துப் பார்த்து எடுத்துப் போகலாம். கட்டணம் வைத்தாலும் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். மாணவர்களும் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது துணியில் சுற்றிக்கொண்டு ஓடி வராமல், எஞ்சின் வாங்கிய வாரமே வந்தால் பழைய கேமை அளந்து வைத்துக்கொள்ள நேரம் கிடைக்கும்.

முதலில் சொன்ன அந்த இரண்டு பையன்கள் மறுநாள் திரும்ப வந்தார்கள். ஸ்பிராக்கெட் பல்லை எண்ணி, டயரை நூல் வைத்து அளந்து, தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்கள் கேமைத் தேய்க்க வேண்டிய அவசியமே இல்லை என்று கணக்கில் வந்தது, பின் ஸ்பிராக்கெட்டை இரண்டு பல் பெரிதாக்கச் சொல்லி அனுப்பினேன். என் தங்கை மகளும் நானும் அன்றிரவு எடுத்த 72 அளவுகளும், அவள் கையால் போட்ட கிராஃபும் இத்துடன் வைத்திருக்கிறேன். இடம் இருந்தால் அதை அப்படியே வெளியிடுங்கள், பிள்ளைகள் தங்கள் கேமை அளந்து பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர் ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.